முறை, விலக்கு, தேர்வு: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு கேள்வி

தூத்துக்குடியிலும் அதன் வடக்கும் தெற்குமாக விரியும் கடற்கரை ஊர்களிலும் கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் கோவிலில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அத்தடைகளுள் ஒன்று இரத்த உறவு. யார் யாரை மணக்கலாம் என்று விதிக்கும் சமூகம், யாருக்கு யார் பிறக்கலாம் என்பதையும் ஓரளவு விதித்துவிடுகிறது. ஆய்வகத்தில் உருவான கருக்களைச் சோதித்து, பரம்பரை நோய் இல்லாத கருவை மட்டும் கருப்பையில் சேர்க்கும் இன்றைய மருத்துவமுறையின் அறத்தைப் பேசுவதற்கு இந்த ஓலையின் வரலாறு நல்ல தொடக்கமாக அமையும் என்று நினைக்கிறேன்.

பரதவர்கள் 1535க்கும் 1537க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துச் சலாபத்தின் மீதான போட்டியில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியது அதன் உடனடிக் காரணம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1578இல் அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது. புதிய மறையோடு அதன் திருமணச் சட்டமும் வந்து சேர்ந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் நான்கு தலைமுறைக்குள் பொது முன்னோர் இருப்பவர்கள் மணப்பதைத் தடுத்திருந்தது.

தமிழ் உறவுமுறையோ இதற்கு நேரெதிர். மாமன் மகளும் அத்தை மகளும் இங்கே உரிமைப்பெண்கள். தாயின் உடன்பிறந்தானுக்கும் மாமனாருக்கும் மாமா என்ற ஒரே சொல்; தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் மாமியாருக்கும் அத்தை என்ற ஒரே சொல். மொழியே மணத்தை நிச்சயித்து வைத்திருக்கிறது. அக்காள் மகளை மணப்பதும் பல சாதிகளில் முறையானதே. ஆக, முத்துக்குளித்துறையில் ஒரு சட்டம் தடை என்று சொன்ன உறவை இன்னொரு சட்டம் உரிமை என்றது. இரண்டுக்கும் நடுவே 'விலக்கு' என்னும் ஏற்பாடு நின்றது. தடையுள்ள மணத்துக்குத் திருச்சபை தன் அதிகாரத்தால் அளிக்கும் அனுமதி அது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தடையை மூன்று தலைமுறையாகச் சுருக்கியது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பு அதை மேலும் சுருக்கியது. ஆயினும் மாமன் மகள், அத்தை மகள் உறவு இன்றும் தடைக்குள்தான் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் (1955) வழக்காற்றை மதித்து இத்தகைய மணங்களுக்கு இடமளித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரு சட்டங்களில் எதுவும் நோயை எண்ணி இயற்றப்பட்டதன்று. சபையின் தடைக்குப் பின்னால் குடும்ப ஒழுங்கும், உறவை வெளியே விரிக்கும் நோக்கமும் இருந்தன. தமிழ் முறைக்குப் பின்னால் சொத்தும் நம்பிக்கையும், மகள் அயலாரிடம் போய்ச் சேரக்கூடாது என்ற தவிப்பும் இருந்தன. இதற்குச் சான்று நம் முறையின் உள்ளேயே இருக்கிறது. மாமன் மகள் மணக்கத்தக்கவள், சித்தப்பா மகள் தங்கை. மரபணுக்களைப் பொறுத்தவரை இருவரும் ஒரே தூரம். இருவரிடமும் நம்மோடு பகிரப்பட்ட மரபணுக்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்குதான். வகுப்பில் உறவுச் சொற்களை நடத்தும்போது இதைச் சொன்னால் மாணவர்கள் சிரித்துவிட்டு, பிறகு மௌனமாகிவிடுவார்கள். பலருடைய வீட்டிலும் அப்படி ஒரு மணம் நடந்திருக்கும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழகத்தில் கால்பங்குக்கு மேற்பட்ட பெண்கள் உறவில் மணந்தவர்களே.

*

ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற ஆங்கிலேய மரபியலாளர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாவில் பணியாற்றினார். தென்னிந்திய உறவுமணங்கள் அவருடைய ஆர்வங்களுள் ஒன்று. அவருடைய தூண்டுதலால் ஆந்திரப் பகுதியில் ஆய்வுகள் நடந்தன. 1970களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் ஆகியோர் வடார்க்காட்டில் விரிவாக ஆராய்ந்து, உறவுமணத்தின் தீங்கு எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை என்று 1977இல் எழுதினர். பிற்கால ஆய்வுகள் படத்தைச் சற்று மாற்றின. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஆபத்து சிறிது. மாமன் மகளை மணப்பதால் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுகிறது. ஆனால் குறிப்பிட்ட சில அரிய நோய்கள் இத்தகைய குடும்பங்களில்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. தாயும் தந்தையும் ஒரே பழுதான மரபணுவை, தங்களுக்கு ஒரு துன்பமும் இல்லாமல், சுமந்திருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. தலசீமியா அப்படிப்பட்டது. அந்தக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற நாள்தோறும் மருந்து தர வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுவதும்.

இதே ஹால்டேன் 1924இல் வெளியிட்ட 'டீடலஸ்' என்ற சிறுநூலில், கருப்பைக்கு வெளியே கரு உருவாகும் காலம் வரும் என்றும், தேர்ந்தெடுத்த சிலரே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராவர் என்றும் கற்பனை செய்திருந்தார். 1938இல் அவரே இனமேம்பாட்டுவாதத்தைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதினார். 1949இல், தலசீமியா மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைப்பதாலேயே அது மக்களிடையே நிலைத்திருக்கிறது என்ற கருதுகோளையும் முன்வைத்தார். எது பழுது, எது காப்பு என்பதை இடமும் காலமும் தீர்மானிக்கின்றன. நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்துவிட நினைப்பவர்கள் அவரது இந்தப் பயணத்தை நினைவில் கொள்வது நல்லது.

*

1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியில் இன்னொன்று பிறந்தது. 1990இல் லண்டனில் ஆலன் ஹாண்டிசைடு குழுவினர் மூன்று நாள் வயதான கருவிலிருந்து ஓர் அணுவை எடுத்துச் சோதித்து, நோயற்றதைத் தேர்ந்து கருப்பையில் வைத்தனர். அந்த முதல் சோதனை நோயை நேரடியாகக் காணவில்லை என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். அந்த நோய்கள் ஆண்மகவைத் தாக்குபவை. ஆகவே கரு ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண்கருவைத் தேர்ந்தனர். கருத்தேர்வு பிறக்கும்போதே பாலினத் தேர்வாகப் பிறந்தது.

இந்தச் செய்தியை இந்தியாவில் யாரும் அமைதியாகப் படிக்க முடியாது. 1970களின் நடுவில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பனிக்குட நீரைச் சோதிக்கும் முறை மரபுநோய்களைக் கண்டறியவே தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது பெண்சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் வழியாக மாறிற்று. உசிலம்பட்டியும் சேலமும் நாடெங்கும் பேசப்பட்டதும், 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் நாம் அறிந்த வரலாறு. 1994இல் சட்டம் வந்தது; 2003இல் அது திருத்தப்பட்டுக் கருத்தரிப்புக்கு முந்தைய தேர்வும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பங்களுக்கான 2021ஆம் ஆண்டின் சட்டம், அறியப்பட்ட மரபுநோய்களைக் கண்டறிய மட்டுமே கருவைச் சோதிக்கலாம் என்கிறது.

சட்டம் பாலினத்துக்குக் கதவடைத்தது, சரி. ஆனால் எது நோய் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. தலசீமியா மரபுநோய். மரபணுவால் வரும் பிறவிக் கேளாமையும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடும். சைகைமொழியில் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தும் ஒருவரிடம் போய், உன்னைப் போன்றவர் பிறக்காமல் இருப்பதே மருத்துவத்தின் வெற்றி என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

*

திருச்சபை இந்தத் தேர்வை முழுவதுமாக மறுக்கிறது. 1987இலும் 2008இலும் வத்திக்கான் வெளியிட்ட இரு ஆவணங்களின் நிலைப்பாடு தெளிவானது: கரு தொடக்கம் முதல் மனித உயிருக்குரிய மதிப்பைப் பெறுகிறது, நோயுற்றதை ஒதுக்குவது பலவீனமானவரை ஒதுக்குவதே. இக்கடற்கரையின் பெரும்பகுதி மக்களுக்கு இது வெறும் கோட்பாடு அன்று. ஒரு குழந்தையை இரத்தம் ஏற்ற மாதந்தோறும் அழைத்துச் செல்லும் தாய், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது கேட்க நேரும் குரல் அது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. ஆய்வகத்தில் எட்டுக் கருக்கள் உருவாகி ஒன்று மட்டும் கருப்பைக்குப் போகிறது என்றால், மீதி ஏழும் என்னவாயின என்று கேட்க ஒருவராவது வேண்டும்.

ஆனால் அந்தத் தாயின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. அவளுக்கு முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: இனிக் குழந்தையே வேண்டாம் என்பது, நான்கில் ஒரு பங்கு அபாயத்தோடு சூல் கொள்வது, சூல்கொண்ட பின் சோதித்துக் கலைப்பது. கருத்தேர்வு நான்காவது வழியைத் திறக்கிறது. மாதக்கணக்கில் சுமந்த பின் கலைப்பதைவிட அது அவள் உடலுக்கும் மனத்துக்கும் குறைந்த வதை என்பதில் ஐயமில்லை. ஊசிகளும் மயக்கமும் தோல்விகளும் அவள் உடலுக்கே என்பதையும், பல இலட்சம் ரூபாய் செலவாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டுக்கும் உப்பளத் தொழிலாளி வீட்டுக்கும் இந்த நான்காவது வழி பெயரளவில்தான் திறந்திருக்கிறது.

இதைவிட மலிவான, முந்தைய வழி ஒன்று உண்டு. சைப்பிரஸ் தீவில் தலசீமியா பரவலாக இருந்தது. அங்கே 1980களின் தொடக்கத்திலிருந்து, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதற்கான சான்று இருந்தால்தான் மணம் என்று ஆர்த்தடாக்ஸ் சபையே விதித்தது. சோதனையின் முடிவு என்ன என்று சபை கேட்கவில்லை. மணத்தைத் தடுக்கவும் இல்லை. மணமக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. நோயோடு பிறப்போர் மிகவும் குறைந்தனர். பெரும்பாலான இணைகள் மணந்துகொண்டு, கருவில் சோதனை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. இந்தியாவில் 2023இல் தொடங்கிய அரிவாள் இரத்தச்சோகை ஒழிப்பு இயக்கமும் பழங்குடி இளைஞர்களுக்குச் சோதனை அட்டை வழங்குகிறது. 1952இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்நோய்க்கூறு கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அட்டை அறிவைத் தரும்வரை நல்லது. பெண் பார்க்க வருகிறவன் முதலில் அதைக் கேட்கத் தொடங்கும் நாளில் அது இன்னொரு சாதியாகிவிடும்.

இந்த நிலத்துக்கே உரிய ஒரு பொருளை இங்கே நினைக்கிறேன். மன்னார் வளைகுடாவின் சங்குகள் எல்லாம் ஒரே பக்கம் சுழல்பவை. மிக அரிதாக ஒன்று மாறிச் சுழல்கிறது. உயிரியல் கண்ணுக்கு அது பிறழ்வு. நாம் அதை வலம்புரி என்று பூசையறையில் வைக்கிறோம். மாறுபாடு எல்லாம் குறையன்று என்பதற்கு இது போதும். ஆனால் இந்த உவமையை நீட்டக்கூடாது. தலசீமியாக் குழந்தை வலம்புரிச் சங்கன்று. அதன் துன்பத்தைத் தெய்விகமாக்குவது நமக்கு ஆறுதல் தரலாம், அதற்குத் தராது.

ஆகவே என் நிலைப்பாடு இது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, தீராத வேதனையைத் தரும் நோய்களுக்காகப் பெற்றோர் கருவைத் தேர்வது அறமே. அந்த நோய்கள் எவை என்பதைச் சந்தை தீர்மானிக்கக் கூடாது. பெயர் சொல்லி, பொதுவில் விவாதித்து, உடற்குறையோடு வாழ்பவர்களையும் அந்த அவையில் அமர்த்தித் தீர்மானிக்க வேண்டும். பிறந்துவிட்டவர்களுக்குச் செய்ய வேண்டியதை இது குறைத்துவிடக் கூடாது. தலசீமியாவையும் ஹீமோபீலியாவையும் மாற்றுத்திறனாகச் சேர்த்த 2016ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட மருத்துவமனையின் இரத்த வங்கி வரை உயிரோடு இருக்க வேண்டும்.

ஓலை வாசிப்பில் ஒரு நற்பண்பு இருந்தது. கேள்வி ஊரறியக் கேட்கப்பட்டது. அதில் அந்தரங்கத்துக்கு இடமில்லை, அது அதன் குறை. இன்றைய கருத்தேர்வில் அந்தரங்கம் மட்டுமே இருக்கிறது. இரண்டு பேர், ஒரு மருத்துவர், ஒரு கட்டணச்சீட்டு. ஒரு குடும்பத்தின் முடிவு அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். எதற்காகத் தேர்வு செய்யலாம் என்ற விதியை மட்டும் நாம் எல்லோரும் காதில் வாங்கும்படி வாசித்துத்தான் ஆக வேண்டும்.