எலெனா யாருக்குச் சொந்தம்?

பதின்பருவ மர்மக் கதைகளின் வரலாறு – பகுதி 6

சென்ற வாரம்: 1976-இல் வெளியான ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ நாவல், இரத்தக் காட்டேரியின் வாயாலேயே அவன் கதையைச் சொல்ல வைத்தது. அந்த ஈர்ப்பைப் பள்ளி மாணவிகளுக்கான புத்தகமாக்க நியூயார்க்கில் ஒரு நிறுவனம் முடிவு செய்தது. எழுத ஆள் தேவைப்பட்டது.

இனி...

அந்த நிறுவனத்தின் பெயர் டேனியல் வைஸ் அசோசியேட்ஸ். புத்தகத்துக்கான யோசனையை உருவாக்கி, எழுத்தாளரை அமர்த்தி, எழுதி முடித்ததும் பதிப்பகத்திடம் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அவர்கள் கண்ணில் பட்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லிசா ஜேன் ஸ்மித். மழலையர் வகுப்பிலும் சிறப்புக் கல்வியிலும் ஆசிரியையாக இருந்தவர். 1987-இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘தி நைட் ஆஃப் தி சால்ஸ்டிஸ்’ பெரிதாக விற்கவில்லை. ஆனால் அதைப் படித்தவர்களுக்கு அவர் கை தெரிந்திருந்தது.

மூன்று பாகக் கதை ஒன்று வேண்டும். ஒரு பெண், இரண்டு காட்டேரிகள், முக்கோணக் காதல். இதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. சில ஆயிரம் டாலர் முன்பணத்துக்கு ஸ்மித் சம்மதித்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அதில் எழுதியிருந்ததன் முழுப் பொருள் அன்று அவருக்கு விளங்கவில்லை.

அவர் எழுதியது என்ன?

வர்ஜீனியா மாநிலத்தில் ஃபெல்ஸ் சர்ச் என்ற கற்பனைச் சிற்றூர். தாய் தந்தையை இழந்த எலெனா கில்பர்ட், பள்ளியில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அழகி. புதிதாகச் சேர்ந்த ஸ்டெஃபான் சால்வட்டோரே மட்டும் அவளை ஏறிட்டும் பார்க்காமல் போகிறான். அவன் ஒரு காட்டேரி. நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் கேத்தரின் என்ற பெண்ணுக்காகத் தன் அண்ணன் டேமனோடு வாளெடுத்து மோதியவன். அந்தக் கேத்தரினின் முகமே எலெனாவுக்கும் வாய்த்திருக்கிறது. அதனால்தான் அவன் விலகி விலகிப் போகிறான். அவனைத் தொடர்ந்து டேமனும் ஊருக்குள் வந்துவிடுகிறான்.

ஊரில் தாக்குதல்கள் நடக்கின்றன. ஒரு ஆசிரியர் கொல்லப்படுகிறார். பழி ஸ்டெஃபான் மேல் விழுகிறது.    கொல்வது யார்? முதல் பாகம் எந்த முடிச்சையும் அவிழ்க்காது. ஸ்டெஃபான் காணாமல் போக, எலெனா அவனைத் தேடிப் புறப்படும்போது புத்தகம் முடிந்துவிடும்.

மூன்று பாகங்களும் 1991-இல் அடுத்தடுத்து வெளிவந்தன. இரண்டாம் பாகத்தின் முடிவில் எலெனா ஆற்றில் மூழ்கி இறந்து காட்டேரியாக எழுந்தாள். மூன்றாம் பாகத்தில், அத்தனை கொடுமைகளுக்கும் பின்னால் இருந்தவள் செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய கேத்தரின்தான் என்று தெரிந்தது. சகோதரர்களைக் காப்பாற்ற எலெனா அவளைச் சூரிய ஒளியில் எரியவிட்டாள். அதே ஒளிக்குத் தன் உயிரையும் கொடுத்தாள்.

காதல் கதையின் நாயகியைக் கடைசிப் பக்கத்தில் சாகடிக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல்தான் இந்தக் கதையைச் சராசரிப் பள்ளிக் காதல் நாவல்களிலிருந்து பிரித்தது என்பது என் உறுதியான எண்ணம். வாசகிகளோ எலெனாவைச் சாக விடுவதாக இல்லை. இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். ‘டார்க் ரீயூனியன்’ என்ற நான்காம் நூலில் எலெனா மனுஷியாகவே திரும்பி வந்தாள்.

பிறகு ஸ்மித் ‘நைட் வேர்ல்ட்’ என்ற இன்னொரு வரிசையைத் தொடங்கினார். 1998 வரை ஒன்பது நூல்கள் வந்தன. பத்தாவதை அறிவித்த நிலையில் அவர் பேனா நின்றது. குடும்பத்தில் நோய், கவலை. கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் புதிய நாவல் எதுவும் வரவில்லை.

அந்த மௌனத்தின் நடுவே, 2005-இல், ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வெளியாகி உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. காட்டேரிக் காதல் கதைகளுக்குக் கடைகளில் தனி அலமாரிகள் முளைத்தன. பழைய சரக்கைப் பதிப்பகங்கள் தூசி தட்டின. ஸ்மித்தின் நான்கு நூல்களும் மறுபதிப்பு கண்டு, விற்பனைப் பட்டியலில் ஏறின. 2009-இல் எலெனா, டேமன், ஸ்டெஃபானின் கதையை அவரே தொடர்ந்து எழுதினார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, அந்த நூல்களை வைத்து எடுக்கப்பட்ட ‘தி வாம்பயர் டயரீஸ்’ தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. எட்டுப் பருவங்கள், 171 பகுதிகள் என்று 2017 வரை அது ஓடியது.

படைத்தவருக்குப் பொற்காலம் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பழைய ஒப்பந்தம் உயிரோடு இருந்தது.

டேனியல் வைஸ் நிறுவனம் பின்னாளில் கைமாறி, அல்லாய் என்ற நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. எலெனா அடுத்து யாரோடு சேர வேண்டும், கதை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் ஸ்மித்துக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஸ்மித்தின் மனம் டேமன் பக்கம் சாய்ந்திருந்தது. 2011-இல் அவர் நீக்கப்பட்டார். தொடரை வேறொருவர் எழுதுவார் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு வந்த நூல்களின் அட்டையிலும் ஸ்மித்தின் பெயர் தொடர்ந்தது. உள்ளே இருந்த எழுத்து அவருடையதல்ல.

இது எப்படிச் சாத்தியம்? 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விடை இருக்கிறது. ஒருவர் அமர்த்தி எழுத வைக்கும் படைப்பு உரிய வகையைச் சேர்ந்ததாக இருந்து, இரு தரப்பும் அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் அமர்த்தியவரே ஆசிரியர். ஸ்மித் கையெழுத்திட்டது அந்த வகை ஒப்பந்தத்தில்தான். எலெனாவின் கண்ணீரும் டேமனின் கர்வமும் ஸ்மித்தின் மனத்தில் பிறந்தவை. ஆனாலும் அவர்களை வைத்து இன்னொரு வரி எழுத அவருக்கு உரிமை இருக்கவில்லை.

சட்டப்படி அந்த நிறுவனம் தவறு செய்யவில்லை. ஆனால் சட்டம் சரி என்பதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது. யோசனை தந்தவருக்குப் பங்கு உண்டு; அந்த யோசனைக்கு உயிர் கொடுத்தவரைக் கதையிலிருந்தே வெளியேற்றும் ஒப்பந்தம் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் அநீதிதான். எழுதும் கனவோடு இதைப் படிக்கும் இளைஞர்களே, முதல் புத்தகத்தின் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடுமுன், ஒவ்வொரு வரியையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஸ்மித்தின் கதை இத்தோடு முடியவில்லை. 2014 ஜனவரியில், அமேசானின் மின்னூல் கடையில் எலெனாவையும் டேமனையும் வைத்து ஒரு புதிய நாவல் விற்பனைக்கு வந்தது. எழுதியவர் எல். ஜே. ஸ்மித். இந்த முறை உள்ளே இருந்த எழுத்தும் அவருடையதுதான். அல்லாய் நிறுவனம் வழக்குப் போடவில்லை. அதன் அனுமதியோடுதான் அந்த நூல் விற்றது.

வாசலை அடைத்தவர்களே எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்? அடுத்த வாரம்.

(தொடரும்)