அறிவுச் சபைகளில் நறுமணம்

மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் பாடம் நடத்த அமர்வதற்கு முன் தம்மைத் தூய்மைப்படுத்தி, நல்லாடை உடுத்தி, அத்தர் பூசிக்கொள்வார்கள். பாடம் முடியும்வரை சபையில் அகிற்கட்டை புகைந்துகொண்டிருக்கும். ஹிஜ்ரி 179இல் (795) மறைந்த அப்பெருந்தகையின் வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி இது. நபிமொழிக்குச் செய்யும் கண்ணியமாகவே அவர்கள் இதனைச் செய்தார்கள்; மனச்சோர்வு நீக்கும் மருந்தாக அன்று.

மருத்துவ நோக்கில் நறுமணத்தை ஆராய்ந்தோர் பிற்காலத்தவர். அவர்களுள் இப்னு ஸீனா (980–1037) தலையாயவர். பன்னீரை முதன்முதலில் வடித்தவரே அவர்தாம் என்று நம்மவர் பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி வாசனைப் பொருள்களை வடித்தெடுப்பது பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். கலீஃபா மஃமூனின் கருவூலத்திற்கு ஃபார்ஸ் மாகாணம் செலுத்தியவற்றுள் 30,000 குப்பி பன்னீரும் இருந்ததாக இப்னு கல்தூன் குறிப்பிடுகின்றார். மஃமூன் மறைந்ததோ 833இல்! இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை இப்னு ஸீனாவுக்கு இல்லை.

அவரது உண்மையான சிறப்பு வேறு. இதய மருந்துகள் பற்றிய தம் தனி நூலில், நறுமணம் இதயத்திலுள்ள உயிராற்றலை வலுப்படுத்தி மகிழ்வூட்டுகிறது என விளக்கினார். ஆனால் எல்லா மணமும் எல்லோர்க்கும் ஒன்றன்று. ரோஜா, சந்தனம், கற்பூரம் ஆகியன குளிர்ச்சி தருவன. கஸ்தூரி, அம்பர், குங்குமப்பூ ஆகியன வெப்பமூட்டுவன. ஆளின் உடல்வாகு அறிந்தே கொடுக்க வேண்டும் என்பது யூனானி மருத்துவத்தின் நெறி.

‘அரோமாதெரபி’ என்ற பெயரை நிலைபெறச் செய்தது பிரெஞ்சு வேதியியலர் கட்டஃபோசே 1937இல் வெளியிட்ட நூல். 2003இல் இங்கிலாந்தின் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தார் 144 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று சிந்திக்கத்தக்கது. லாவெண்டர் மணத்தில் அமர்ந்தோர்க்கு மனநிறைவு கூடியது. ஆயினும் நினைவாற்றல் வேலையில் அவர்கள் பின்தங்கினர். ரோஸ்மேரி மணத்தில் அமர்ந்தோர்க்கு விழிப்பும் நினைவின் தரமும் உயர்ந்தன; வேகம் மட்டும் குறைந்தது. மனத்தை அமைதிப்படுத்தும் மணமே அறிவையும் கூர்மையாக்கும் என்று எண்ணுவதற்கில்லை. தேர்வுக்கு முந்திய இரவில் பிள்ளையின் அறையில் மணமூட்டும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: அவ்வாய்வில் பயன்பட்டது எண்ணெயின் மணமே, புகையன்று. ஓதும் பிள்ளைகளின் அறையில் சாம்பிராணி போடுவோர் ஜன்னலைத் திறந்து வையுங்கள்; ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் போடவே வேண்டாம்.