வேடந்தாங்கல்: கலெக்டர் கொடுத்த காகிதமும் அதற்கு முந்தைய ஏரியும்

போன தை மாதம் ஓர் அரசுப் பள்ளியின் தேசியப் பசுமைப் படை மாணவர்களோடு வேடந்தாங்கல் போய்வந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஒரு பழைய பஸ். "வரலாறு பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

இந்த மாதிரிப் பயணங்களுக்கே ஒரு சின்ன வரலாறு உண்டு. சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. பத்து வருஷம் கழித்து, 2001-02இல், மத்திய அரசு பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றங்களை அமைக்க தேசியப் பசுமைப் படையைத் தொடங்கியது. நம் பிள்ளைகள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது அந்த வழியில் வந்ததுதான்.

ஏரிக்கரையில் நின்று நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். இந்தியாவின் மிகப் பழைய பறவைகள் சரணாலயங்களில் இது ஒன்று. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அவர் 1798இல் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து பறவைகளுக்குப் பாதுகாப்பு. எல்லோரும் சொல்கிற கதைதான். கை தட்டினார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். "சார், அந்தப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடி பறவைங்கள யாரு பாத்துக்கிட்டா?"

"ஊர்க்காரங்கதான்மா" என்று சொல்லி முடித்துவிட்டேன். பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது, வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான் உறைத்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப்பெயர். தொண்டை மண்டலத்தில் 'தாங்கல்' என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னையைச் சுற்றி எத்தனை தாங்கல்கள்! வேடந்தாங்கல் என்பதை 'வேடன் தாங்கல்' என்று பிரித்து, ஒரு காலத்தில் இது வேட்டைக்கான இடமாக இருந்தது என்பார்கள். வேட்டை ஆடிய ஊர் பறவையைக் காக்கும் ஊராக மாறியது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது பெயரின் பின்பாதி. இது காடு கிடையாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மனிதர்கள் கரை போட்டு, மதகு வைத்து உண்டாக்கிய பாசன ஏரி. பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில்தான் இத்தனை கூடுகளும்.

அடுத்தது, அந்தக் கலெக்டர். பெயர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை 'ஜாகீர்' என்று அழைக்கப்பட்ட செங்கல்பட்டுப் பகுதியை நிர்வகித்தவர். ஆற்காடு நவாபிடமிருந்து கும்பெனி வாங்கிய நிலம் அது. 1780இல் ஹைதர் அலியின் படை வந்துபோன பிறகு அந்தச் சீமை நொறுங்கிக் கிடந்தது. குடிகள் ஊரைவிட்டு ஓடிப்போனார்கள். ஏரிகள் தூர்ந்தன. வரி வர வேண்டுமானால் நெல் விளைய வேண்டும், நெல் விளைய ஏரி நிற்க வேண்டும். பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் அத்தனை மும்முரமாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பக்கத்து மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' கோயில் இருக்கிறதே, அந்தக் கதையில் வரும் துரையும் இவர்தான். பெருமழையில் பெரிய ஏரியின் கரை உடையப்போகிறது என்று பயந்து இரவில் போய்ப் பார்த்தபோது, வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரையைக் காத்து நின்றதைக் கண்டாராம்; கரை உடையவில்லை; நன்றிக்கடனாகத் தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தாராம். அந்தத் திருப்பணி அவருடையது என்று கோயிலில் கல்வெட்டும் உண்டு.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏரியைக் காத்தது ராமர். இன்னொன்றில் பறவையைக் காத்தது கலெக்டர். வருஷா வருஷம் கூடையில் மண் சுமந்து கரை உயர்த்தியவர்கள், மதகு திறந்தவர்கள், இரவில் கரையைச் சுற்றி வந்தவர்கள் இரண்டிலும் ஓரமாகத்தான் நிற்கிறார்கள். பிளேஸுக்கு ஒரு தலைமுறைக்கு முன், 1767க்கும் 1774க்கும் இடையில், பார்னார்டு என்ற பொறியாளர் இதே ஜாகீரைக் கிராமம் கிராமமாக அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கென்று ஊர்கள் தனியாக ஒரு பங்கு ஒதுக்கி வைத்தது அந்தக் கணக்குகளில் தெரிகிறது. கலெக்டர் வருவதற்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரிடம் ஏற்பாடு இருந்திருக்கிறது.

இனி அந்தக் காகிதம். நான் 'சாசனம்' என்று சொன்னேன். ஆவணங்களில் அதற்குப் பெயர் 'கவுல்'. அரபியில் வாக்கு, சொல் என்று பொருள்படும் வார்த்தை, வருவாய்த் துறை வழியாகத் தமிழுக்கு வந்தது. ஓடிப்போன குடிகள் திரும்பி வந்து பயிர்செய்தால் இன்ன வரிக்கு மேல் கேட்க மாட்டோம் என்று அரசு எழுதிக் கொடுக்கும் உறுதிக்குத்தான் வழக்கமாகக் கவுல் என்பார்கள். வேடந்தாங்கல்காரர்கள் வாங்கியதும் அந்த வகை உறுதியைத்தான். இந்த ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, யாரும் வந்து சுட முடியாது என்கிற வாக்கு. ஊர் ஏற்கெனவே செய்துவந்த ஒன்றை அரசு ஒத்துக்கொண்ட காகிதம் அது. சரணாலயம் என்ற யோசனையை யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை.

அந்த உரிமை 1858இல் மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1936இல் செங்கல்பட்டுக் கலெக்டர் இதைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தார். 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரம் வரைக்கும் சரணாலயப் பகுதி என்று அறிவிப்பு. 2022இல் ராம்சார் தலம். காகிதங்கள் பெருகிக்கொண்டே போயின. ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்பது மட்டும் இந்தத் தேதிகளில் தெரிவதில்லை.

அதை அன்றைக்குக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். மாட்டை மேயவிட்டு நிழலுக்கு வந்தவர். "ஐயா, பறவைங்களால உங்களுக்கு என்ன லாபம்?" என்று ஒரு பையன் பட்டென்று கேட்டுவிட்டான். ஆசிரியர் பதறினார். பெரியவர் சிரித்தார்.

"லாபம் இல்லாமயா தம்பி? கீழ பாரு, தண்ணி என்ன நெறத்துல இருக்கு? அம்புட்டும் எச்சம். மதகத் தொறந்தா உரம் தானா வயலுக்கு வந்துரும். எங்கப்பன் காலத்துல கடையில போய் உரம் வாங்குனதே கெடையாது."

இதில் அறிவியல் சுத்தமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு. அது ஏரியில் விழுந்து கரைந்து, பாசன நீரோடு நெல்லுக்குப் போகிறது. 1798க்கு முன்னால் பறவைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு இதுதான் பாதி விடை. அன்பும் இருந்தது, சரி. கூடவே விளைச்சலும் இருந்தது. சிப்பாய் ஒரு நாரையைச் சுட்டால், அது ஊரின் உரக்குழியைச் சுட்ட மாதிரி.

இன்னொரு விஷயத்தையும் திருத்த வேண்டும். 'ஆஸ்திரேலியாவிலிருந்து, சைபீரியாவிலிருந்து வந்து குஞ்சு பொரிக்கின்றன' என்று பஸ்ஸில் யாரோ சொல்ல, நானும் தலையாட்டிவிட்டேன். தப்பு. இங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் நம் துணைக்கண்டத்திலேயே வாழ்பவை. மழையையும் தண்ணீரையும் பார்த்து இடம் மாறுபவை. வடக்கு ஆசியாவிலிருந்து வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரியான வாத்துகள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கிளம்பிவிடும், இங்கே முட்டையிடாது. கூடு கட்டுபவற்றைப் பொறுத்தவரை நாம் பார்க்கப் போவது வெளிநாட்டு விருந்தாளிகளை அல்ல. இவை பிறந்து வளர்வதே இந்த ஏரியில்தான். பிறந்த வீட்டில் இடமில்லை என்றால் எங்கே போகும்?

இந்தக் கேள்வி வெறும் பேச்சுக்காக இல்லை. 2020இல் அந்த 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் யோசனை வந்தது. பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. 'ஏரியிலதான பறவை இருக்கு, அஞ்சு கிலோமீட்டர் எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பறவைகள் ஏரியில் கூடு கட்டுகின்றன, வாஸ்தவம். ஆனால் 75 ஏக்கர் தண்ணீர் அத்தனை குஞ்சுகளுக்கும் சோறு போடாது. நத்தைகுத்தி நாரை சுற்றுவட்டார வயல்களில் நத்தை பொறுக்குகிறது. கொக்குகள் தவளையும் பூச்சியும் பிடிக்கின்றன. கூழைக்கடா அக்கம்பக்கத்து ஏரிகளுக்குப் போய் மீன் கொண்டுவருகிறது. ஏரி அவற்றுக்குத் தொட்டில் என்றால், சுற்றியுள்ள வயலும் குட்டையும் அடுப்படி. அந்த வயலில் பூச்சிமருந்து ஏறினால், ஆலைக் கழிவு கலந்தால், ஏரிக்கு எத்தனை வேலி போட்டாலும் குஞ்சுக்கு விஷம்தான் வந்து சேரும்.

அந்தப் பெரியவர் சொன்னதில் 'எங்கப்பன் காலத்துல' என்று ஒரு வார்த்தை வந்ததே, அது என்னைவிட்டுப் போகவில்லை. இப்போது மூட்டை உரம் கடையில் கிடைக்கிறது. எச்சத் தண்ணீரை நம்பித்தான் நெல் என்ற நிலைமை தளர்ந்துவிட்டது. பறவைக்கும் வயலுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் தேய்ந்தால், ஊருக்கு மிஞ்சுவது சட்டமும் டிக்கெட் கவுன்ட்டரும். காகிதம் மட்டுமே காவல் என்றால், காகிதத்தைத் திருத்தினால் காவலும் போய்விடும். 2020இல் நடக்கவிருந்தது அதுதான்.

நான் பார்த்தவரை, அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கைவிடவில்லை. நாங்கள் கிளம்பும்போது, கரையில் சத்தமாகப் பாட்டு வைத்த ஒரு காரை உள்ளூர்ப் பையன் ஒருவன் தட்டி நிறுத்தச் சொன்னான். சீருடை எதுவும் போட்டிருக்கவில்லை. அவனிடம் எந்தக் கவுலும் இருந்திருக்காது. கேள்வி கேட்ட பெண் அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள். பாதிப் பதில் அவளுக்கு அங்கேயே கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். சாயங்காலம் வரை இருங்கள். இரை தேடப்போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவது அப்போதுதான். பைனாகுலரில் ஏரியைப் பார்த்து முடித்ததும், பிள்ளைகளைக் கரையின் மறுபக்கம் திருப்பி நிறுத்தி, மதகையும் வயலையும் காட்டுங்கள். வரலாறு அந்தப் பக்கமும் இருக்கிறது.