இந்திய, இலங்கை ஊரக-நகர்ப்புற வளர்ச்சி ஒப்பீடு

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் ஊரக, நகர்ப்புற வளர்ச்சியை ஒப்பிடுகையில் முதலில் எழும் வினா, நகரம் என்பது எது என்பதாகும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 31.2 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினரும் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். 2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் இது 18.2 விழுக்காடாகும். இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி வரையறையால் விளைந்தது.

வரலாற்றுத் தொடர்பு

7ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் படையுதவியுடன் மானவர்மன் இலங்கை அரியணையைப் பெற்றான். பின்னர் இரு நாடுகளும் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இலங்கைக் கணக்கெடுப்பில் நகரம், கிராமம் ஆகியவற்றுடன் தோட்டம் மூன்றாவது பிரிவாக இருப்பதற்கு இதுவே பின்னணி.

வரையறைகள்

இந்தியாவில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்றவை சட்டப்படியான நகரங்கள். இவையன்றி, பின்வரும் மூன்று நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் ஊர்கள் கணக்கெடுப்பு நகரங்கள் எனப்படும்:

1. குறைந்தது 5,000 மக்கள்.
2. ஆண் முதன்மைத் தொழிலாளருள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத தொழில் செய்தல்.
3. சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் என்னும் மக்கள் அடர்த்தி.

2011இல் இத்தகைய ஊர்கள் சுமார் 3,900 இருந்தன.

இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைகள் மட்டுமே நகர்ப்புறமாகக் கொள்ளப்பட்டன. 1987இல் பட்டின சபைகள் பிரதேச சபைகளுடன் இணைக்கப்பட்டதால், அதுவரை நகர்ப்புறமாக இருந்த பல ஊர்கள் கணக்கில் கிராமங்களாயின. 1981இல் நகர்ப்புற மக்கள் 21.5 விழுக்காடாக இருந்தனர்.

காஞ்சிபுரம் எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் 1866இல் நகராட்சியாகவும் 2021இல் மாநகராட்சியாகவும் ஆனது. எனினும் பட்டு நெசவு நகர எல்லையோடு நிற்பதில்லை. சுற்றுப்புறக் கிராமங்களிலும் வீடுகளிலேயே தறிகள் உள்ளன. நெசவு வேளாண்மை சாராத தொழிலாதலால், மற்ற இரு நிபந்தனைகளும் நிறைவேறினால் ஒரு நெசவூர் இந்தியக் கணக்கில் நகரமாகிவிடும். அதே ஊர் இலங்கையில் பிரதேச சபைப் பகுதியில் அமைந்திருந்தால் கிராமமாகவே எண்ணப்படும். மேலும், இந்திய நிபந்தனை ஆண்களின் தொழிலை மட்டுமே கருதுவதால், நூல் சுற்றியும் தறியில் அமர்ந்தும் உழைக்கும் பெண்களின் பங்கு அதில் இடம்பெறுவதில்லை.

விளைவுகள்

கணக்கெடுப்பு நகரங்கள் நிருவாகத்தில் ஊராட்சிகளாகவே தொடர்கின்றன. எனவே நகரத்தின் நெருக்கம் வந்தபோதும் நகராட்சிக்குரிய வருவாயும் அதிகாரமும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. மறுபுறம், 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டுமே ஆண்டுக்கு 100 நாள் வேலையை உறுதியளித்தது. அதனை இழக்க நேரும் என்னும் அச்சத்தால், நகராட்சிகளுடன் இணைவதைத் தமிழகக் கிராமங்கள் பல எதிர்த்தன. ஆகவே, நகர்ப்புற விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒரு நாடு மற்றதைவிட முன்னேறியது எனக் கொள்ளுதல் பொருந்தாது. குடிநீர், வடிகால், கல்வி, வருவாய் ஆகியவற்றை ஊர்தோறும் ஒப்பிடுவதே தெளிவு தரும்.