சாரல் காலத்துக் கேமராக்கள்

பிலிம் எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் துளையையும் எந்த விரல் திருப்ப வேண்டும் என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போகவில்லை. 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000இல் ஷட்டர் சக்கரம் மேல்தட்டில், துளை வளையம் லென்ஸில். மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால் மீட்டர் தானே ஓய்ந்துவிடும். 1972இன் ஒலிம்பஸ் ஓ.எம்.1 ஷட்டர் வளையத்தை லென்ஸ் பொருந்தும் இடத்தைச் சுற்றியே வைத்தது. இடக்கையே இரண்டையும் பார்த்துக்கொள்ளும். 1982இன் நிக்கான் எஃப்.எம்.2இல் பிலிம் சுற்றும் நெம்பை வெளியே இழுத்தால்தான் மீட்டர் உயிர்பெறும். இடக்கண்ணால் பார்ப்பவருக்கு அந்த நெம்பு நெற்றியில் இடிக்கும்.

வடகரை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மேகமூட்டத்தில் வெளிச்சம் குறைவு. அருவியோ வெள்ளை வெளேரென்றிருக்கும். மீட்டர் எதையும் நடுச்சாம்பலாகவே கணக்கிடுவதால், அதை அப்படியே நம்பினால் தண்ணீர் மங்கிப்போகும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். கையால் திருப்பும் சக்கரங்களில் அது நொடி வேலை. இன்னொன்று பேட்டரி: அது தீர்ந்தால் கேனான் ஏ.இ.1 (1976) ஷட்டரே விழாது. கே1000, யாஷிகா எஃப்.எக்ஸ்.3, எஃப்.எம்.2 மூன்றும் மீட்டர் இல்லாமலே ஓடும். லென்ஸில் பூஞ்சை படர்வதை மட்டும் எந்த அமைப்பும் தடுக்கவில்லை. அதற்கு சிலிக்கா ஜெல்தான்.

கல்யாணப் படக்காரருக்கு முக்கியம் ஃபிளாஷ் ஒத்திசைவு. கே1000இல் 1/60, எஃப்.எக்ஸ்.3இல் 1/125, 1984க்குப் பிந்திய எஃப்.எம்.2இல் 1/250. நல்ல வெயிலில் 100 ஐ.எஸ்.ஓ. பிலிமுக்கு 1/60 என்றால் துளை எஃப்/22. 1/250 என்றால் எஃப்/11. முகத்து நிழலைப் போக்க ஃபிளாஷ் தர வேண்டிய ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. கே1000இலிருந்து மாறுவதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

ஆனால் மாறும்போது லென்ஸ்களும் போயின. பென்டாக்ஸ் கே மவுண்ட் (1975) நிக்கானில் பொருந்தாது. இறக்குமதிக் கட்டுப்பாடு 1991 வரை இறுகியிருந்த நாட்டில், சென்னை பர்மா பஜாரில் தேடிப்பிடித்த லென்ஸைக் கைவிடுவது எளிதல்ல. 1912இல் திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வேறு வழி கண்டார்: பல கம்பெனிகளின் உறுப்புகளோடு தாமே செய்த பாகத்தையும் சேர்த்து ஒரு கேமரா அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார்.

நிக்கான் தன் எஃப் மவுண்ட்டை 1959 முதல் விடாமல் வைத்திருந்தது. ஆனாலும் 1977க்கு முந்திய லென்ஸின் வளையத்தை அரைத்துத் திருத்தினால்தான் எஃப்.எம்.2 ஏற்கும். கேனான் 1987இல் இ.ஓ.எஸ். வரிசைக்காக எஃப்.டி. மவுண்ட்டையே கைவிட்டது, ஏ.இ.1 லென்ஸ்கள் அதோடு அநாதையாயின. 1977க்குப் பிந்திய நிக்கான் லென்ஸ்களோ 2010இன் டி7000 டிஜிட்டல் கேமராவிலும் மீட்டரோடு வேலை செய்தன.