தேனி மாவட்டத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்

தேனி மாவட்டத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் என்பது தமிழ்நாடு அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்டப் பிரிவாகும். தேனி நகரையும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சிற்றூர்களையும் தீ, வெள்ளம், விபத்து ஆகியவற்றிலிருந்து காப்பது இதன் பணியாகும். காட்டுத்தீயை அணைக்கும் முதன்மைப் பொறுப்பு இதனுடையது அன்று. அது வனத்துறையைச் சேர்ந்தது. மலைகள் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில் இப்பிரிவினை எத்தகைய விளைவுகளைக் கொண்டது என்பதை 2018ஆம் ஆண்டின் குரங்கணி காட்டுத்தீ காட்டியது.

அமைப்பு

இந்திய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் (1992) தீயணைப்பை நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. மும்பையில் தீயணைப்புப் படையை மாநகராட்சியே நடத்துகிறது. தமிழ்நாட்டிலோ சென்னை முதல் சிற்றூர் வரை மாநில உள் துறையின் கீழ் இயங்கும் ஒரே துறையே உள்ளது. 1908இல் சென்னையில் தொடங்கப்பட்ட தீயணைப்புப் படையிலிருந்து வளர்ந்த இத்துறை, 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டத்தின்படி செயல்படுகிறது. தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

துறையின் தலைவர் இயக்குநர் ஆவார். வழக்கமாக இந்தியக் காவல் பணியின் மூத்த அலுவலர் ஒருவரே இப்பதவியில் அமர்த்தப்படுகிறார். அவருக்குக் கீழ் இணை இயக்குநர், துணை இயக்குநர், மாவட்ட அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்போர், தீயணைப்போர் எனப் படிநிலை அமைந்துள்ளது. தீயணைப்போரைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களில் நிலையங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை பள்ளத்தாக்கின் முதன்மைச் சாலைகளை ஒட்டியே அமைந்தவை.

கருவிகள்

நிலையத்தின் அடிப்படை ஊர்தி நீர்தாங்கி வண்டி ஆகும். ஏறத்தாழ 4,500 லிட்டர் நீரைச் சுமக்கும் இவ்வண்டியில் விசையியக்கக் குழாய் (பம்பு), 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்க்குழல்கள், பீச்சுமுனைகள், ஏணி, கயிறு ஆகியவை இருக்கும். இந்நீர் முழு வீச்சில் பீச்சினால் சில நிமிடங்களே வரும். ஆகவே தீயை அணைப்பதைப் போலவே நீரை மீண்டும் நிரப்புவதும் பெரும் வேலையாகும். பெருநகரங்களைப் போலத் தெருத்தோறும் தீக்குழாய் இல்லாத இவ்வூர்களில் வாய்க்கால், குளம், கிணறு ஆகியவையே நீர்நிலையங்கள். ஆனால் தரையில் நிற்கும் பம்பு நடைமுறையில் சுமார் 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்ச வல்லது. கோடையில் கிணற்று நீர் அதற்கும் கீழே இறங்கிவிட்டால், பம்பையே கிணற்றுக்குள் இறக்க வேண்டியிருக்கும்.

சென்னையில் உயர்மாடிக் கட்டடங்களுக்கென 54 மீட்டர் உயரம் எட்டும் வான்தூக்கி ஏணி வண்டி உண்டு. தேனியின் தேவை வேறு. கூரை வீடு, வைக்கோல் படப்பு, நூற்பாலைப் பஞ்சுப் பொதி ஆகியவை இங்கு வழக்கமான தீக்கள். பஞ்சுப் பொதியின் மேற்புறம் அணைந்த பின்னும் உள்ளே கனல் பல மணி நேரம் புகைந்துகொண்டிருக்கும். அதனால் பொதியைப் பிரித்துப் பிரித்தே நனைக்க வேண்டும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைப்பது, அருவி வெள்ளத்தில் சிக்கியோரை மீட்பது என்பனவும் பணிகளே. துறையின் பெயரில் ‘மீட்பு’ என்னும் சொல் இடம்பெற்றது வெறும் அலங்காரமன்று.

மலைச் சரிவும் காட்டுத்தீயும்

நீரை ஒவ்வொரு 10 மீட்டர் உயர்த்தவும் பம்பின் அழுத்தத்தில் ஏறத்தாழ 1 பார் செலவாகும். குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஏற்றம். நீர்தாங்கி வண்டி நிற்கும் சாலையிலிருந்து அங்கு நீரைச் செலுத்த இயலாது. எனவே மலையில் வனப் பணியாளர்களும் தீத்தடுப்புக் காவலர்களும் பச்சைக் கிளைகளால் அடித்தும், சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தும், எதிர்த்தீ மூட்டியும் நெருப்பை மட்டுப்படுத்துகின்றனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது. சுடர் தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதே காரணம். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத்தீ இயலில் வழங்கும் தோராய விதி. மேலே ஓடித் தப்ப முயல்வது பெரும்பாலும் பயனளிக்காது.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர், காய்ந்த புல் மண்டிய சரிவில் தீயிடையே சிக்கினர். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்திருந்த அவர்களுள் பெண்களே மிகுதி. பலர் பள்ளத்தில் குதித்தனர். முதலில் சென்று சேர்ந்தவர்கள் சுற்றுப்புற மக்கள். காயமுற்றோரைப் போர்வையில் தூளி கட்டிச் சுமந்து இறக்கினர். வனத்துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் பணியாளர்கள் இரவிலும் தேடினர். விமானப்படையின் உலங்கு வானூர்திகளும் கருடு சிறப்புப் படையினரும் உதவிக்கு வந்தனர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தோரையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர்.

குழுவினர் முறையான அனுமதியின்றிச் சென்றனர் என அரசு கூறியது. அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடைபெற்றது. அதே ஆண்டில் வனப்பகுதிகளில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் வெளியிடப்பட்டன.

இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. 2017 முதல் 375 மீட்டர் நுணுக்கமுடைய உணரியும் பயன்படுகிறது. செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறையே கடந்து செல்வதால், இரு கடப்புகளுக்கு இடையே பற்றும் தீயை அது உடனே காணாது. அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர் கைப்பேசியில் சொல்லும் தகவலே பலவேளை முந்திவிடுகிறது.

அழைப்பு

தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 என்னும் கட்டணமில்லா எண்களில் அழைக்கலாம். அழைப்பவர் ஊரின் பெயரோடு, வண்டி எந்தச் சாலை வழியாக, எதுவரை வர முடியும் என்பதையும் அருகிலுள்ள நீர்நிலையையும் சேர்த்துச் சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.