பாடவிதானத்துக்கு அப்பாலான வாசிப்பு: உளச்சிகிச்சைக் கல்வியின் வரலாற்றில் ஒரு பிரச்சினை

உளச்சிகிச்சை பயிலும் மாணவன் பரீட்சைக்குரிய கட்டுரைகளை எழுதி முடித்தபின் எவற்றை வாசித்தல் வேண்டும்? மேலோட்டமாக நோக்குமிடத்து இது தனிமனித விருப்பைச் சார்ந்த வினாவாகவே தோன்றும். ஆயின் அத்துறையின் வரலாற்றை ஆராயும்போது வேறோர் உண்மை புலனாகின்றது. உளச்சிகிச்சை மருத்துவத்தின் கிளையொன்றா, அன்றிக் கலைத்துறைகளோடும் உறவுடைய தனித்துறையா, அதனை மேற்கொள்ளும் உரிமை யாருக்குண்டு என்னும் நெடுங்கால விவாதம் இவ்வாசிப்புப் பிரச்சினையோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் முக்கிய கட்டங்களை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளப்பகுப்பாய்வின் தந்தையெனப்படும் சிக்மண்ட் புரொய்ட் 1873ஆம் ஆண்டு வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். ஐந்தாண்டுகளில் முடிக்கத்தக்க படிப்புக்கு அவர் பட்டம் பெற்றது 1881இலேயாகும். இத்தாமதத்துக்குக் காரணம் சோம்பலன்று. ஏர்ண்ஸ்ட் புரூக்கேயின் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் அவர் பல ஆண்டுகளைச் செலவிட்டார். மருத்துவ மாணவருக்குக் கட்டாயமல்லாத மெய்யியல் விரிவுரைகளைப் பிரான்ஸ் பிரென்ரானோவிடம் கேட்டார். இளமையிலேயே, செர்வாந்தேசின் 'டொன் குவிக்சோட்' நாவலை மூலத்தில் வாசிக்கும் ஆவலால், ஆசிரியர் துணையின்றி ஸ்பானிய மொழியைக் கற்றவர் அவர். 1879-80இல் கட்டாய இராணுவ சேவையிலிருந்தபோது ஜோன் ஸ்ருவாட் மில்லின் ஜெர்மன் தொகுப்பில் ஒரு தொகுதியை மொழிபெயர்த்தார். பெண்ணுரிமை, தொழிலாளர் பிரச்சினை, சமவுடைமை, பிளேட்டோ ஆகியன அத்தொகுதியின் பொருள்களாகும். இவற்றுள் எதுவும் பரீட்சைக்கு உதவவில்லை. ஆயின் பிற்காலத்தில் கனவையும் தொன்மத்தையும் நாவழுவையும் பொருளுடையனவாக நோக்கிய சிந்தனைக்கு அவை பின்புலமாயின.

கார்ல் குஸ்தாவ் யுங்கின் வரலாறும் இவ்வகையில் கருதத்தக்கது. பாசல் நகரில் மருத்துவம் பயின்ற அவர் இறுதிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கையில் கிராவ்ற் எபிங்கின் உளமருத்துவ நூலைப் படித்தே தம் துறையைத் தேர்ந்துகொண்டார். 1900ஆம் ஆண்டு டிசம்பரில் சூரிச்சிலுள்ள பேர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் சேர்ந்த அவர், முதல் ஆறு மாதங்களில் உளமருத்துவச் சஞ்சிகையொன்றின் ஐம்பது தொகுதிகளை ஆரம்பத்திலிருந்தே வாசித்ததாகத் தம் வாழ்க்கை நினைவுகளிற் கூறியுள்ளார். நோயாளியைப் பார்க்கும் தம் சக மருத்துவர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை அறிவதே அவ்வாசிப்பின் குறிக்கோளாயிருந்தது. புரொய்டின் 'கனவுகளின் விளக்கம்' என்னும் நூலை 1900இல் வாசித்தும் விளங்காமையால் ஒதுக்கிவைத்த யுங், 1903இல் அதனை மீண்டும் எடுத்தபோதே அதன் சிறப்பை உணர்ந்தார். அந்நூலின் முதற்பதிப்பில் 600 பிரதிகளே அச்சாகின. அவையும் விற்றுத்தீர எட்டாண்டுகள் சென்றன. விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, சிலரின் மேசைகளிலேயே ஒரு துறை உருவாகிக் கொண்டிருந்தது எனலாம்.

1920ஆம் ஆண்டு பேர்ளினில் மக்ஸ் ஐற்றிங்கன் முதலியோர் உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையமொன்றை நிறுவியமை புதிய கட்டமொன்றைத் தோற்றுவித்தது. மாணவர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுதல், கோட்பாட்டு விரிவுரைகளைக் கேட்டல், மேற்பார்வையின்கீழ் நோயாளருக்குச் சிகிச்சையளித்தல் என்னும் மூவகைப் பயிற்சி அங்கு நிலைபெற்றது. அங்கு பயிலுநரைப் பகுப்பாய்வு செய்ய அழைக்கப்பட்ட ஹன்ஸ் சாக்ஸ் மருத்துவரல்லர், சட்டம் பயின்றவர். வியன்னாவில் புரொய்டின் உதவியாளராயிருந்த ஒற்றோ றாங்க் இலக்கியப் பொருளில் ஆய்வு செய்து 1912இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இவர்களைப் போன்றோரின் தகுதியே விரைவில் வழக்குக்குரிய பொருளாயிற்று.

மருத்துவரல்லாத தியோடர் ரெய்க் நோயாளருக்குச் சிகிச்சையளித்தார் என்று வியன்னாவிற் குற்றஞ் சாட்டப்பட்டது. அதனையொட்டி 1926இல் புரொய்ட் நூலொன்றை எழுதினார். உளப்பகுப்பாய்வுக்கென ஒரு கல்லூரி அமையுமாயின் அங்கு உயிரியலும் உளமருத்துவமும் மட்டுமன்றி, பண்பாட்டு வரலாறு, தொன்மவியல், சமய உளவியல், இலக்கியம் ஆகியனவும் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அவர் வாதம். இவற்றை அறியாதவன் தன்முன் வரும் பெரும்பாலான விடயங்களை விளங்கிக்கொள்ள மாட்டான் என அவர் கருதினார். அதேவேளை உடல்நோய் பற்றிய ஐயம் எழுமிடத்து மருத்துவரை நாடவேண்டும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. அதுகாறும் தனிமனித ஆவலாயிருந்த வாசிப்பு இங்கு பாடவிதானத்துக்கான கோரிக்கையாக உருப்பெறுகின்றது.

ரெய்க்கின் மீதான நடவடிக்கை 1927இல் கைவிடப்பட்டது. ஆயினும் அமெரிக்காவில் புரொய்டின் கருத்து ஏற்கப்படவில்லை. அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1938இல் பயிற்சியை மருத்துவருக்கே உரியதாக்கிற்று. அதே ஆண்டில் அங்கு குடிபெயர்ந்த ரெய்க், 1948இல் மருத்துவரல்லாதோருக்கும் பயிற்சியளிக்கும் அமைப்பொன்றை உருவாக்க நேர்ந்தது. உளவியலாளர் சிலர் 1985இல் தொடுத்த வழக்கு 1988இல் இணக்கத்துக்கு வந்தபின்னரே பழைய தடை தளர்ந்தது.

எனினும், கலைத்துறை நூல்களை வாசித்தலே போதும் என்று கொள்ளுதல் தவறாகும். 1910இல் லியனார்டோ டா வின்சியைப் பற்றி எழுதிய புரொய்ட், அவ்வோவியரின் குறிப்பிலுள்ள பருந்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லைப் பிணந்தின்னிக் கழுகு எனக் கொண்டார். அவர் நம்பிய ஜெர்மன் மொழிபெயர்ப்பின் பிழை அது. அப்பிழையான பறவையை எகிப்தியத் தெய்வமொன்றோடு தொடர்புபடுத்தி அவர் எழுப்பிய விளக்கம் அடித்தளமின்றி நின்றது. ஸ்பானிய நாவலுக்காக மொழி கற்றவரே இத்தாலியக் குறிப்பின் மொழிபெயர்ப்பை நம்பியமை சிந்திக்கத்தக்கது. பிறதுறைக்குட் புகுபவன் அத்துறையின் ஒழுங்கையும் உடன் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

எனவே, பரீட்சைக் கட்டுரைகள் முடிந்தபின் மாணவன் வகுக்கும் வாசிப்புத் திட்டம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. வரலாற்றை நோக்கின், உளச்சிகிச்சைத் துறையின் எல்லைகளைப் பாடவிதானத்தை வகுத்தோர் மட்டுமன்றி, அதனை மீறி வாசித்தோரும் நிர்ணயித்துள்ளனர். மனிதனின் துன்பம் ஒரு பாடத்துக்குள் அடங்குவதன்று. அதனைத் தீர்க்க முனைபவனின் கல்வியும் அவ்வாறே அடங்கலாகாது. ஆயின் பரந்து வாசிக்கும் உரிமை, மூலத்தைத் தேடிச் செம்மையாக வாசிக்கும் பொறுப்பிலிருந்து பிரிக்கமுடியாதது.